கோட்டையும் தறியும்

நுழையும்முன்

பழைமையான ஊர் ஒன்றைக் காணச் செல்வோர் அங்கு நிற்கும் கட்டடங்களைப் பார்க்கின்றனர். அக்கட்டடங்கள் எழுவதற்குக் காரணமான உழைப்பைப் பார்ப்பவர் சிலரே. கடற்கரைச் சிற்றூர் ஒன்றின் கோட்டை யாருடைய வரலாற்றைச் சொல்கிறது, யாருடைய வரலாற்றைச் சொல்லாமல் விடுகிறது என்னும் வினாவை இக்கட்டுரை எழுப்புகிறது.

புதிய நகரும் பழைய துறைமுகமும்

தனித்தமிழ் இயக்கத்தின் முன்னோடியாகிய மறைமலை அடிகளின் (1876–1950) பெயரைத் தாங்கியது மறைமலை நகர். சென்னையின் துணைநகரமாகத் திட்டமிட்டு உருவாக்கப்பட்ட இந்நகர், ஒரகடம், திருப்பெரும்புதூர் வரை விரிந்துள்ள தொழிற்பகுதியின் ஓர் அங்கமாக விளங்குகிறது. இப்பகுதியின் ஆலைகளில் உருவாகும் ஊர்திகளும் உதிரி உறுப்புகளும் கப்பலேறி அயல்நாடுகளுக்குச் செல்கின்றன. இதனைப் பழைமையற்ற ஊர் என்றும், ஏற்றுமதிக்கான உற்பத்தி இம்மண்ணுக்குப் புதிது என்றும் பலர் எண்ணுகின்றனர்.

அவ்வெண்ணம் சரியன்று. மறைமலை நகரிலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவில், அதே செங்கல்பட்டு மாவட்டத்தில், சதுரங்கப்பட்டினம் உள்ளது. ஐரோப்பியர் ‘சத்ராஸ்’ என்று அழைத்த இவ்வூர், பதினேழாம் நூற்றாண்டிலேயே உலகச் சந்தைக்காகத் துணி அனுப்பிய துறைமுகமாகும். வடக்கே மாமல்லபுரத்தின் புகழும், அருகே கல்பாக்கம் அணுமின் நிலையத்தின் பெயரும் இவ்வூரை மறைத்துவிட்டன. மாமல்லபுரத்தில் திரளும் கூட்டத்தில் மிகச் சிலரே தெற்கே இவ்வூர் வரை வருகின்றனர்.

வழியில் ஒரு சான்று

மறைமலை நகரிலிருந்து செங்கல்பட்டு வழியாகச் செல்வோர் முதலில் திருக்கழுக்குன்றத்தை அடைவர். அக்குன்றில் பல்லவர் காலக் குடைவரையான ஒருகல் மண்டபம் உள்ளது. பதினேழாம் நூற்றாண்டில் அங்கு வந்த ஒல்லாந்தர் சிலர், மண்டபத்தின் கல்லில் தம் பெயர்களைப் பொறித்துச் சென்றுள்ளனர். சுற்றுலாத் தலங்களின் சுவர்களில் தம் பெயரைக் கீறும் இன்றைய பழக்கத்தின் பழைய வடிவம் அது. மண்டபத்தைக் குடைந்த சிற்பியரின் பெயர்களை இன்று எவரும் அறியார். பார்க்க வந்தவர்களின் பெயர்களோ நிலைத்துவிட்டன. இந்த முரண், சதுரங்கப்பட்டினத்தில் இன்னும் பெரிய அளவில் எதிர்ப்படுகிறது.

ஒல்லாந்தருக்கு முன்

ஒல்லாந்தர் வந்ததால்தான் இக்கடற்கரை உலகோடு தொடர்பு கொண்டது என்று கருதுவது பிழை. சதுரங்கப்பட்டினத்திற்குத் தெற்கே, பாலாற்று முகத்துவாரத்தை அடுத்துள்ள வசவசமுத்திரத்தில் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 1970ஆம் ஆண்டு அகழாய்வு செய்தது. உறைகிணறுகளும், மது முதலியவற்றைக் கொண்டுவரப் பயன்பட்ட உரோமானியச் சாடிகளின் உடைந்த துண்டுகளும் அங்குக் கிடைத்தன. ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இக்கரையில் அயல்நாட்டு வாணிகம் நடந்தமைக்கு அவை சான்றாகும். பதினான்காம் நூற்றாண்டில், சம்புவராயர் ஆட்சியில், சதுரங்கப்பட்டினம் ‘இராசநாராயணன் பட்டினம்’ என்றும் வழங்கப்பட்டது. ஒல்லாந்தர் வந்து இறங்கியது வெற்று மணலில் அன்று. அவர்கள் வருமுன்னரே தனக்கெனப் பெயரும் வாணிகமும் கோயிலும் கொண்டிருந்த பட்டினத்தில்.

கோட்டை சொல்வது

ஒல்லாந்தர் தம் கிழக்கிந்தியக் கும்பினியை 1602ஆம் ஆண்டு நிறுவினர். சோழமண்டலக் கடற்கரையில் பழவேற்காட்டைத் தலைமையிடமாகக் கொண்டு வாணிகம் நடத்திய அவர்கள், சதுரங்கப்பட்டினத்திலும் பண்டகசாலை அமைத்தனர். கடலை நோக்கி எழுந்த செங்கற்கோட்டையின் சுவர்கள் இன்றும் நிற்கின்றன. உள்ளே பெரிய கிடங்குகளும், ஒல்லாந்தரின் கல்லறைகளும் உள்ளன. கல்லறைப் பலகைகளில் பெயரும் நாளும் அழகிய வேலைப்பாட்டுடன் செதுக்கப்பட்டுள்ளன. இந்தியத் தொல்லியல் ஆய்வுத்துறை இக்கோட்டையைப் பாதுகாத்து வருகிறது.

ஐரோப்பியப் போட்டிகளின் களமாகவும் இவ்வூர் இருந்தது. கருநாடகப் போர்க் காலத்தில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் 1754ஆம் ஆண்டு இங்குதான் கூடிச் சமாதானம் பேசினர், பேச்சு முறிந்தது. 1782ஆம் ஆண்டு பிப்ரவரி 17ஆம் நாள் இவ்வூரை அடுத்த கடலில் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரனின் கப்பற்படையும் ஆங்கிலத் தளபதி ஹியூசின் கப்பற்படையும் மோதின. பின்னர், 1824ஆம் ஆண்டு இலண்டன் உடன்படிக்கையின்படி, இந்தியாவில் ஒல்லாந்தர் வசமிருந்த இடங்கள் ஆங்கிலேயரிடம் சென்றன. சதுரங்கப்பட்டினமும் அவற்றுள் ஒன்று.

இவை யாவும் வரலாற்று நூல்களில் இடம்பெற்றுள்ளன. ஆயினும், இது வாங்கியவர்களின் வரலாறு மட்டுமே.

கோட்டை சொல்லாதது

கோட்டையின் கிடங்குகளை நிரப்பியது எது? அதனைச் செய்தவர் யார்? இவ்விரு வினாக்களையும் கேட்டால் கோட்டை மௌனமாகிவிடுகிறது.

மிளகு, கிராம்பு, சாதிக்காய் ஆகியவற்றைத் தேடியே ஒல்லாந்தர் கிழக்கே வந்தனர். அவை விளைந்த தென்கிழக்காசியத் தீவுகளின் மக்கள் சோழமண்டலத் துணியை விரும்பிப் பெற்றனர். எனவே, இங்குத் துணி வாங்கி அங்குக் கொடுத்து, நறுமணப் பொருள்களைக் கொள்வது ஒல்லாந்தரின் வழக்கமாயிற்று. சதுரங்கப்பட்டினத்தின் மெல்லிய மஸ்லின் துணியும் அவ்வாறே கப்பலேறியது. ஐரோப்பாவின் சமையலறைகளில் மணந்த மிளகிற்குத் தமிழ்நாட்டுத் தறியின் துணி விலையாயிற்று.

உள்ளூர் வணிகர் இடைநின்று முன்பணம் பெற்று நெசவாளருக்கு வழங்கினர். நீளம், அகலம், நெருக்கம், நிறம் ஆகியவை முன்னரே வரையறுக்கப்பட்டன. நெய்த துணியை மாதிரித் துணியோடு ஒப்பிட்டு நோக்கினர். தரம் குறைந்தவை கழிக்கப்பட்டன. இன்றைய ஆலையில் நடைபெறும் தரச்சோதனையிலிருந்து இது எவ்வளவு வேறானது? மாதிரி வேறிடத்திலிருந்து வருகிறது. கை மட்டும் உள்ளூருடையது.

எனினும், அந்நெசவாளர் குரலற்றவர் அல்லர். முன்பணத்தைத் திருப்பித் தந்து ஒப்பந்தத்திலிருந்து விலகும் வழக்கம் அவர்களிடையே இருந்தது. கொடுமை மிகுந்தால் ஊரை விட்டே பெயர்ந்தனர். வாங்குவோர் பலராக இருந்தவரை அவர்களுக்குப் பேரம் பேசும் வலிமை இருந்தது. ஆங்கிலக் கும்பினி ஆட்சியாளராகவும் மாறியபின் அவ்வலிமை குன்றியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ஆலைத்துணி வந்து குவிந்தபோது சோழமண்டலத் தறிகள் பல ஓய்ந்தன.

துணி மட்டும் கப்பலேறவில்லை. பஞ்சக் காலங்களில் சோழமண்டலத் துறைமுகங்களிலிருந்து, சிறப்பாகப் பழவேற்காட்டிலிருந்து, மக்களும் அடிமைகளாக ஏற்றிச் செல்லப்பட்டனர். அழகிய கல்லறைகளைக் கண்டு வியக்கும்போது இவ்வுண்மையும் நினைவில் இருத்தல் வேண்டும்.

இருவேறு வாதங்கள்

‘அயலார் எழுப்பிய கோட்டையை நாம் ஏன் காக்க வேண்டும்?’ என்று சிலர் கேட்கலாம். செங்கல்லைச் சுட்டவரும் சுவரை எழுப்பியவரும் இம்மண்ணின் மக்களே. மேலும், கோட்டை ஒரு கணக்கேடு போன்றது. கணக்கில் அநீதி இருக்கிறது என்பதற்காக ஏட்டைக் கிழித்துவிட்டால், அநீதிக்கான சான்றும் அழிந்துபோகும்.

‘நெசவாளர் எதையும் விட்டுச் செல்லவில்லையே, பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?’ என்று வேறு சிலர் கேட்கலாம். கல்லில் நிலைத்ததே வரலாறு என்னும் எண்ணமே இவ்வினாவின் அடிப்படை. தறியும் படகும் மக்கும் பொருள்கள்; அவற்றைக் கையாண்ட அறிவோ வழிவழியாகத் தொடர்கிறது. கோட்டையை அடுத்த மீனவர் குப்பங்களில் வாடை, கொண்டல், கச்சான் எனக் காற்றைப் பெயரிட்டு அறியும் மரபு அத்தகையது. ‘கட்டுமரம்’ என்னும் தமிழ்ச்சொல் ஐரோப்பிய மொழிகளில் புகுந்து உலகெங்கும் வழங்குகிறது. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை தாக்கிய பின்னரும் இக்கரையின் மக்கள் கடலுக்குத் திரும்பினர். அந்த வாழ்வும் மரபுச்செல்வமே. அதனைக் காப்பதற்குக் கம்பிவேலி உதவாது. கேட்டு எழுதிவைக்கும் செவிகளே தேவை.

மறைமலை நகருக்கான பாடம்

மறைமலை நகரில் 1990களின் இறுதியில் திறக்கப்பட்ட அமெரிக்க நிறுவனத்தின் மகிழுந்து ஆலை, உள்நாட்டுக்கும் ஏற்றுமதிக்கும் மகிழுந்துகளைச் செய்து, 2022ஆம் ஆண்டு உற்பத்தியை நிறுத்தியது. தொலைவில் எடுக்கப்படும் முடிவு ஒன்று, இங்குள்ள குடும்பங்களின் அன்றாடத்தை மாற்றிவிடும் என்பதைச் சதுரங்கப்பட்டினத்தின் தறிகள் முன்னரே கண்டிருந்தன. இரண்டும் ஒன்றே எனக் கூறுதல் மிகையாகும். இன்றைய தொழிலாளர்க்குச் சட்டமும் சங்கமும் வாக்குரிமையும் உண்டு. ஆனால், உலகச் சந்தைக்காக உழைக்கும் ஊர் தன் உழைப்பின் கதையைத் தானே பதிந்து வைக்காவிடில், பிற்காலத்தில் கிடங்கும் சுவரும் மட்டுமே எஞ்சும் என்பது இரண்டிற்கும் பொது.

ஆதலின், இத்தொழிற்பகுதியின் பள்ளிகள் மாணவரைச் சதுரங்கப்பட்டினத்திற்கு அழைத்துச் செல்லுதல் வேண்டும். கோட்டையின் முன் நின்று படம் எடுத்துத் திரும்புவதோடு அப்பயணம் முடிந்துவிடலாகாது. கல்லறைகளின் பெயர்களைப் படிக்கும் மாணவர், அங்கே எழுதப்படாத பெயர்கள் யாருடையவை என்றும் கேட்க வேண்டும். மீனவ முதியோரிடம் காற்றின் பெயர்களையும் நீரோட்டத்தின் பெயர்களையும் கேட்டு எழுத வேண்டும். ஊர் திரும்பியபின், ஆலைகளில் பணிபுரியும் தம் பெற்றோரிடமும் அண்டை வீட்டாரிடமும் அவர்தம் தொழிலின் நுட்பத்தையும் அனுபவத்தையும் கேட்டுப் பதிதல் வேண்டும். பயணத்தின் இரண்டாம் பாதி அதுவே.

திருக்கழுக்குன்றத்தில் வந்துபோனவர் தம் பெயரைக் கல்லில் பொறித்தனர். சதுரங்கப்பட்டினத்தில் வாங்கியவர் தம் பெயரைக் கல்லறையில் பொறித்தனர். செய்தவரின் பெயரை எழுதும் கடமை, எழுதப் படிக்கத் தெரிந்த இத்தலைமுறையிடம் எஞ்சியிருக்கிறது.