வியாபாரம் செய்ய வந்தவர்களா?

சரித்திர நாவல் என்றால் அதில் கப்பல் இருக்க வேண்டும் என்று நம் வாசகர்கள் தீர்மானித்துவிட்டார்கள். கப்பலின் பாய்மரத்தில் புலிக்கொடி பறக்க வேண்டும். மேல்தட்டில் ஓர் இளவரசன் நின்று நிலவைப் பார்த்துப் பெருமூச்சு விட வேண்டும். கப்பல் கடாரத்தை நோக்கிப் போக வேண்டும். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் புத்தகம் நூல்நிலையத்துக்குத் திரும்பிப் போய்விடுகிறது. "தென்காசிப் பக்கத்தில் மலை உண்டு, அருவி உண்டு, சாரல் உண்டு. கடல் ஏது? நீர் எப்படி ஐயா கடல் சரித்திரம் எழுதப் போகிறீர்?" என்று என்னைக் கேட்டவர்களும் இருக்கிறார்கள். குற்றாலத்தில் உட்கார்ந்துகொண்டு கடல் சரித்திரம் எழுதுவது மிகவும் சௌகரியம் என்பது என் கட்சி. அதற்கான சாட்சிகள் அங்கே காய்த்துக்கொண்டே இருக்கின்றன.

அதோடு, எனக்கு ஒரு வாக்கியத்தோடு நெடுநாளாகத் தீராத சண்டை இருக்கிறது. "வெள்ளைக்காரன் வியாபாரம் செய்யத்தான் வந்தான், நம்மிடம் ஒற்றுமை இல்லாததைப் பார்த்து நாட்டையும் பிடித்துக்கொண்டான்" என்று பள்ளிக்கூடத்திலும் மேடையிலும் சொல்கிறோமே, அந்த வாக்கியம். அதன் முற்பாதி முழுப் பொய். பிற்பாதி பாதிப் பொய்.

ஸீஸனுக்குக் குற்றாலம் வருகிறவர்கள் உடம்பெல்லாம் எண்ணெயைத் தேய்த்துக்கொண்டு அருவியில் நிற்கிறார்கள். பிறகு கடைத்தெருவில் மங்குஸ்தானும் ரம்புத்தானும் வாங்குகிறார்கள். துணிச்சல்காரர்கள் துரியன் பழத்தையும் வாங்கி, பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவரின் சாபத்தையும் சேர்த்து வாங்கிக்கொள்கிறார்கள். இந்தப் பெயர்கள் எந்தப் பாஷை என்று யாராவது யோசித்ததுண்டா? மலாய்க்காரர் முள்ளை 'டூரி' என்பார்கள். தலைமயிரை 'ரம்புட்' என்பார்கள். இந்தப் பழங்களின் தேசம் கடலுக்கு அப்பால் இருக்கிறது. மலைச்சரிவுத் தோட்டங்களில் நிற்கும் ஜாதிக்காய் மரத்தின் தேசமும், கிராம்பு மரத்தின் தேசமும் அந்தத் திசையில்தான், இன்னும் வெகுதூரத்தில். திரிகூடராசப்பக் கவிராயர் குறவஞ்சி பாடிய 18-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இந்த மலையில் ஜாதிக்காய்த் தோட்டம் கிடையாது. அந்த நூற்றாண்டு முடிந்து அடுத்தது பிறக்கும் தறுவாயில், கிழக்கிந்தியக் கும்பெனியார் குற்றாலத்தில் வாசனைத் தோட்டம் போட்டார்கள்.

ஆனால் ஜாதிக்காய் நமக்குப் புதிதல்ல. கைக்குழந்தைக்கு உரைமருந்து உரைக்கிற வீட்டில் ஜாதிக்காய் இல்லாமல் இருந்ததுண்டா? தாம்பூலத்தோடு சேர்க்கும் ஐந்து வாசனைகளாகத் தக்கோலம், தீம்பூ, இலவங்கம், கர்ப்பூரம், சாதி என்று பழைய உரைகாரர்கள் அடுக்குகிறார்கள். அவற்றில் சாதி என்பது இதுதான். உலகத்திலேயே அந்தக் காலத்தில் ஜாதிக்காய் கிடைத்த இடம் பாண்டா என்ற பொட்டுப் பொட்டான சில தீவுகள். ஜாவாக்காரர், மலாய்க்காரர், குஜராத்தி, தமிழர், அராபியர் என்று கைமாறிக் கைமாறி அது நம் அம்மியருகே வந்து சேர்ந்தது. மரத்தை நம்மவர் கண்ணால் பார்த்ததில்லை. காய் மட்டும் நூற்றாண்டுக் கணக்கில் தவறாமல் வந்துகொண்டிருந்தது. நம் பாட்டிமார் குழந்தைக்கு மருந்து உரைப்பதற்காகப் பாண்டாவில் யாரும் சாக வேண்டியிருக்கவில்லை.

"சோழன் மட்டும் என்ன செய்தான்?" என்று கேட்பீர்கள். கேட்க வேண்டியதுதான். 1025-ஆம் ஆண்டை ஒட்டி ராஜேந்திரன் கப்பற்படை அனுப்பிக் கடாரத்தையும் ஸ்ரீவிஜயத்தையும் கொள்ளையிட்டான். புலிக்கொடி பறந்ததால் கொள்ளை தானமாகிவிடாது. ஆனால் அவன் படை வந்தது, அடித்தது, திரும்பிப் போயிற்று. ஒரு சரக்கு விளைகிற மண்ணைப் பிடித்து, அதில் இருந்த ஜனங்களை ஒழித்து, மற்ற இடங்களில் இருந்த மரங்களை வெட்டித் தள்ளி, உலகத்துக்கே நான்தான் விலை சொல்வேன் என்று உட்காரவில்லை. அந்தக் காரியத்தை டச்சுக் கும்பெனியார் செய்தார்கள்.

1621-ல் யான் பீட்டர்ஸூன் கூன் என்ற டச்சு கவர்னர் ஜெனரல் படையோடு பாண்டாவில் இறங்கினான். தீவுக்காரர்கள் செய்த குற்றம் என்னவென்றால், ஒப்பந்தத்தை மீறி ஆங்கிலேயருக்கும் ஆசிய வியாபாரிகளுக்கும் ஜாதிக்காய் விற்றது. ஊர்ப் பெரியவர்கள் 44 பேரைப் பிடித்து வெட்டினார்கள். வெட்டுவதற்கு ஜப்பானியக் கூலிப்படையை உபயோகித்தார்கள். 15,000 பேர் வரை இருந்ததாக மதிப்பிடப்படும் ஜனத்தொகையில், கொலையும் பட்டினியும் நாடு கடத்தலும் முடிந்தபோது மிஞ்சியவர்கள் ஏறக்குறைய 1,000 பேர். காலியான மண்ணைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் கும்பெனியின் ஆட்களுக்குக் கொடுத்து, அடிமைகளைக் கொண்டு பயிர் செய்வித்தார்கள். கிராம்பு அம்பாய்னாவில் மட்டும் விளைந்தால் போதுமென்று மற்றத் தீவுகளின் கிராம்பு மரங்களை ஆயுதப் படகுகளில் போய் வெட்டினார்கள். ஜாதிக்காய் வேறெங்கும் முளைத்துவிடக் கூடாதென்று சுண்ணாம்பில் தோய்த்து அனுப்பினார்கள்.

பாவூர்ச்சத்திரம் காய்கறிச் சந்தையை நினைத்துக்கொள்ளுங்கள். வெளியூரிலிருந்து ஒருவன் வருகிறான். "கத்தரிக்காயை எனக்கு மட்டும்தான் விற்க வேண்டும், நான் சொல்கிற விலைக்கு" என்கிறான். சுரண்டைப் பக்கத்துத் தோட்டங்களுக்கு நெருப்பு வைக்கிறான். கீழப்பாவூர்க்காரர் ஒருவர் வேறொருவருக்கு ஒரு கூடை விற்றார் என்று அவரைக் குடும்பத்தோடு வெட்டிப் போட்டு, வயலில் தன் மைத்துனனைக் குடிவைக்கிறான். இவனைப் பாவூர்ச்சத்திரத்தில் என்ன பெயர் சொல்லி அழைப்பார்கள்? அங்கே வழங்கும் பெயரை நான் இங்கே எழுத முடியாது. வியாபாரி என்று சொல்லமாட்டார்கள் என்பது மட்டும் நிச்சயம். "விற்க மாட்டேன்" என்று சொல்ல எதிராளிக்கு உரிமை இருந்தால்தான் அதற்கு வியாபாரம் என்று பெயர்.

டச்சுக்காரரைச் சொல்லிப் போர்த்துக்கீசியரை விட்டுவிடலாகாது. 1498-ல் கள்ளிக்கோட்டைக்கு வந்த வாஸ்கோ ட காமா, 1502-ல் மறுபடி வந்தபோது, மக்காவிலிருந்து திரும்பிய யாத்திரீகர் கப்பலொன்றைப் பெண்டு பிள்ளைகளோடு கொளுத்தினான். வந்து நான்காவது வருஷம்! நாட்டைப் பிடிக்க இரண்டு நூற்றாண்டு யோசித்துக்கொண்டிருந்தார்கள் என்று எந்தச் சரித்திர ஆசிரியர் சொல்கிறார்? கடல் முழுவதும் தங்களுடையது, நாங்கள் எழுதிக் கொடுக்கும் அனுமதிச் சீட்டு இல்லாத கப்பலைப் பிடிப்போம் என்றார்கள். ஆயிரம் வருஷமாகக் கேட்பாரற்று ஓடிய மரக்கலங்கள் அன்று முதல் கள்ளக் கப்பல்களாயின.

இனித் தென்காசிக்கு வருகிறேன். 16-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கே அதிவீரராம பாண்டியன் ராஜ்யம். அவன் நைடதம் பாடிய புலவன். அதில் எனக்கும் பெருமை உண்டு. ஆனால் தென்காசியிலிருந்து கிழக்கே போனால் முத்துக்குளித்துறை. பாண்டியன் என்ற பெயருக்கே ஒளி கொடுத்த முத்து. அது போர்த்துக்கீசியர் அதிகாரத்தில் இருந்தது. ஆரியங்காவுக் கணவாய் வழியாக மேற்கே இறங்கினால் கொல்லம். அங்கே 1519 முதல் அவர்கள் கோட்டை. அந்தக் கொல்லத்தில்தான் 1578-ல் 'தம்பிரான் வணக்கம்' என்ற தமிழ்ப் புத்தகம் அச்சாயிற்று. பாண்டியனுடைய கவிதை ஏட்டில் இருந்தது. பாதிரியார் அச்செழுத்துக்கு வந்துவிட்டார். கடலே இல்லாத தென்காசியை இரண்டு பக்கமும் கடல்காரர்கள் இப்படிப் பிடித்திருந்தார்கள். மலைக்கு மேற்கே விளைந்த மிளகு பொதிமாடுகளின் முதுகில் கணவாய்களைத் தாண்டிக் கிழக்கே வருவது பழைய வழக்கம். போர்த்துக்கீசியரும் பின்னால் வந்த டச்சுக்காரரும் அதைக் கள்ளக் கடத்தல் என்று சபித்தார்கள். பக்கத்து ஊரான் பக்கத்து ஊரானுக்குச் சரக்குக் கொடுத்தது கடத்தலாம். பதினாயிரம் மைல் தாண்டிப் பீரங்கியோடு வந்தது வாணிபமாம்!

1658-ல் தூத்துக்குடி டச்சுக்காரர் கைக்கு மாறியது. அதற்கு மறுவருஷம் தொடங்கிய பெரும் பஞ்சத்தில் அவர்கள் நம் கரையில் மனிதர்களையே மலிவு விலைக்கு வாங்கி, இலங்கைக்கும் பட்டேவியாவுக்கும் அடிமைகளாக ஏற்றினார்கள். இதை எந்த நாவலிலும் நான் படிக்கவில்லை. இளவரசன் நிலவைப் பார்க்கிற கப்பலில் இவர்களுக்கு இடமில்லை போலும்.

"ஒற்றுமை இல்லாததால்தானே?" என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒற்றுமை இல்லைதான். பூலித்தேவர் நெற்கட்டும்செவலில் எதிர்த்து நின்றபோது எல்லாப் பாளையக்காரரும் கூட நிற்கவில்லை. எட்டயபுரம் கும்பெனிப் பக்கம் நின்றது. வாசுதேவநல்லூர்க் கோட்டையை முற்றுகையிட்ட யூசுப் கானின் படை தோற்றுத் திரும்பியது. 1767-ல் கர்னல் காம்ப்பெல் அதைப் பிடித்தான். ஒற்றுமை இருந்திருந்தால் இன்னும் சில வருஷம் தாக்குப் பிடித்திருப்பார்கள். ஆனால் திருட்டுப் போன வீட்டில் அண்ணன் தம்பிச் சண்டை இருந்ததை விசாரித்து முடித்துவிட்டு, திருடனைச் "சந்தர்ப்பத்தைப் பயன்படுத்திக்கொண்ட வியாபாரி" என்று எழுதிக் கொள்கிறோமே, அந்த அடக்கம்தான் எனக்குப் புரியவில்லை.

ஜாதிக்காய் மரம் குற்றாலத்துக்கு வந்த கதை இன்னும் பாக்கி. ஹாலந்து பிரெஞ்சுக்காரர் கைக்குள் போனதைச் சாக்கிட்டு, ஆங்கிலக் கும்பெனி 1796-ல் அம்பாய்னாவையும் பாண்டாவையும் பிடித்தது. ஐரோப்பாவில் சமாதானம் ஏற்பட்டால் தீவுகளைத் திருப்பிக் கொடுக்க நேரலாம். மரக்கன்றை யார் திருப்பிக் கேட்கப் போகிறார்கள்? கிறிஸ்டபர் ஸ்மித் என்ற தாவர நிபுணரை அனுப்பி, ஜாதிக்காய், கிராம்புக் கன்றுகளை ஆயிரக்கணக்கில் எடுத்து, பினாங்குக்கும் தங்கள் ஆதீனத்திலிருந்த வேறு இடங்களுக்கும் கொண்டுபோனார்கள். அப்படியே, 1802-ல் ஏற்பட்ட உடன்படிக்கையில் தீவுகளைத் திருப்பிக் கொடுக்கச் சம்மதித்தார்கள். குற்றாலத்துத் தோட்டமும் இதே காலத்துக் காரியம்; இதே கணக்கின் இன்னொரு வரி.

அந்த வருஷங்களில் திருநெல்வேலிச் சீமையில் வேறென்ன நடந்துகொண்டிருந்தது? 1799 அக்டோபரில் கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டார்கள். 1801 அக்டோபரில் திருப்பத்தூரில் மருது சகோதரர்கள். அதன் பின் ஊமைத்துரை. பாளையக்காரர் கோட்டைகளை இடித்தார்கள், ஆயுதங்களைப் பறித்தார்கள். 1802 பிப்ரவரியில், பிடிபட்டவர்களில் 70-க்கும் மேற்பட்டோரைத் தூத்துக்குடியிலிருந்து கப்பலேற்றினார்கள். எங்கே? பினாங்குக்கு. பாண்டாவின் கன்றுகள் போன அதே பினாங்குக்கு.

பினாங்கு யாருடையது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கெடா சுல்தானுடையது. எதிரிகள் வந்தால் படை உதவி கிடைக்கும் என்று நம்பி அவர் இடம் கொடுக்க, 1786-ல் பிரான்ஸிஸ் லைட் அங்கே கும்பெனிக் கொடியை ஏற்றினான். படை உதவி வரவில்லை. 1791-ல் தீவை மீட்கப் பார்த்த சுல்தானை அடித்து அடக்கினார்கள். கெடா என்று இன்று நாம் சொல்வதுதான் பழைய கடாரம். கடாரம் கொண்டான் என்று நாம் மார் தட்டுகிற அதே கடாரத்துக் கரைக்கு, கைதிகளாகத் தமிழர்கள் போன கப்பல் ஒன்று உண்டு. அதை எழுதினால் யார் வாங்குவார்கள் என்கிறார் பதிப்பாளர்.

"எப்படியானாலும் நல்ல மரத்தைக் கொண்டுவந்து கொடுத்தார்களே" என்று கடைசியாக ஒரு வாதம் வரும். கொடுக்கவில்லை, தங்கள் லாபத்துக்கு வைத்துப் பார்த்தார்கள். பினாங்குத் தோட்டத்தை 1805-ல் விற்றே விட்டார்கள். குற்றாலமும் இன்னொரு பாண்டா ஆகிவிடவில்லை. மரங்களுக்கு இந்த ஈரக் காற்று பிடித்துப்போயிற்று; தண்ணீர் விட்டு, களை பறித்து, காய் பொறுக்கி, தலைமுறை தலைமுறையாக இந்த மலையடிவாரத்து ஜனங்கள் அவற்றைக் காப்பாற்றினார்கள். நன்றி சொல்லித்தான் ஆக வேண்டுமென்றால் அவர்களுக்குச் சொல்லுங்கள். சர்க்கார் வருஷந்தோறும் குற்றாலத்தில் சாரல் விழா நடத்துகிறது. கோலப் போட்டி, கொழுகொழுக் குழந்தைப் போட்டி எல்லாம் உண்டு. அந்தச் செலவில் ஒரு தகரப் பலகைக்கும் இடமிருக்கும். ஜாதிக்காய் மரத்தடியில் அதை நட்டு, பாண்டா என்ற பெயரையும், 1621, 1796, 1802 என்ற வருஷங்களையும், ஒவ்வொன்றிலும் நடந்ததையும் எழுதி வைக்கட்டும்.