குவாய் நதிப் பாலமும் சயாம் ரயில் பாதையும்

யுத்தப் படங்களைப் பார்த்துவிட்டு வருகிறவர்களில் ஒரு சாரார், சிப்பாயின் சட்டையில் தைத்திருந்த சின்னம் சரிதானா, அவன் தோளில் தொங்கிய துப்பாக்கி அந்த வருஷத்தில் வழக்கிலிருந்ததா என்று ஆராய்வதிலேயே பரம திருப்தி அடைகிறார்கள். அந்த ஆராய்ச்சியை நான் இகழமாட்டேன். ஆனால் உண்மைச் சம்பவத்தைத் தழுவி எடுத்ததாகச் சொல்லிக்கொள்ளும் ஒரு படம் எவ்வளவு தூரம் உண்மையானது என்பதை அறிய அது போதாது என்பது என் அபிப்பிராயம். 1957-ஆம் ஆண்டில் டேவிட் லீன் இலங்கையில் கித்துல்கலைக்கு அருகே களனி கங்கையின் மேல் ஒரு பாலத்தைக் கட்டி எடுத்து, ஏழு ஆஸ்கார் விருதுகளைப் பெற்ற 'குவாய் நதிப் பாலம்' என்ற படத்தை அண்மையில் மறுபடி பார்த்தபோது இந்த எண்ணம் வலுத்தது.

கதை பலருக்குத் தெரிந்ததே. இரண்டாம் உலக யுத்தத்தின்போது சயாமில், அதாவது இன்றைய தாய்லாந்தில், ஜப்பானியரிடம் சிறைப்பட்ட கர்னல் நிக்கல்சன் என்ற ஆங்கிலேயர், தம் சிப்பாய்களின் கட்டுப்பாடு குலையாதிருக்கும் பொருட்டு, பகைவனுக்கு வேண்டிய பாலத்தைப் பகைவனைவிடத் திறமையாகக் கட்டிக் கொடுக்கிறார். முதல் ரயில் வந்து ஏறும் தருணத்தில் அது வெடிவைத்துத் தகர்க்கப்படுகிறது. நடந்ததோ வேறு. காஞ்சனபுரியை அடுத்த தாமர்கான் முகாமில் கைதிகளுக்குத் தலைமை வகித்த லெப்டினன்ட் கர்னல் பிலிப் டூசி, தம் ஆட்களை அடியிலிருந்தும் பட்டினியிலிருந்தும் காப்பாற்றப் போராடிக்கொண்டே, வேலையைக் கெடுப்பதற்கும் இடங்கொடுத்தவர். அவர்கள் கரையானைப் பிடித்து வந்து மரத்தூண்களில் விட்டார்கள், கான்கிரீட்டை வேண்டுமென்றே தப்பாகக் கலந்தார்கள். பாலமும் ஒன்றன்று, மரத்தாலானது ஒன்று, ஜாவாவிலிருந்து பெயர்த்துக் கொணர்ந்த இரும்புச் சட்டங்களாலானது மற்றொன்று. இரண்டும் 1943-இல் முடிந்தன. 1945-இல் அவற்றின் மேல் குண்டு வீசியவை நேச நாட்டு விமானங்கள். ஜப்பானிய என்ஜினீயர்களுக்குப் பாலம் கட்டத் தெரியவில்லை என்று படம் காட்டுவது சுத்த அபாண்டம். மலையும் கொடுங்காடுமான பிரதேசத்தில் சயாமையும் பர்மாவையும் இணைக்கும் 415 கிலோமீட்டர் ரயில் பாதையை வகுத்து, 1943 அக்டோபரில் இரு முனையையும் இணைத்தவர்கள் அவர்கள்தாம். அவர்களிடம் இல்லாதிருந்தது தொழில் ஞானமன்று, இரக்கம்.

மூலக்கதையை எழுதிய பியர் பூல், மலேயாவில் ரப்பர்த் தோட்டத்தில் உத்தியோகம் பார்த்து, பின்னர் இந்தோசீனத்தில் தம் நாட்டவராலேயே சிறை வைக்கப்பட்ட பிரெஞ்சுக்காரர். எதிரியோடு ஒத்துழைத்த பிரெஞ்சு அதிகாரிகளை மனத்தில் வைத்தே அவர் நிக்கல்சனைச் சிருஷ்டித்தார். பாலம் இருந்த இடத்தை நேரில் காணாமலே எழுதியபடியால், மே குளோங் நதியின் மேலிருந்ததைக் குவாய் நதிக்கு உரியதாக்கிவிட்டார். படம் உலகெங்கும் ஓடி, பாலத்தைப் பார்க்க வருகிறவர்கள் பெருகவே, 1960-ஐயொட்டித் தாய்லாந்து அரசாங்கம் நதியின் அந்தப் பகுதிக்கே குவாய் யாய் என்று பெயரை மாற்றிவிட்டது! படம் சரித்திரத்துக்கு இணங்க மறுத்ததனால், பூகோளம் படத்துக்கு இணங்க வேண்டியதாயிற்று. திரைக்கதைக்கான ஆஸ்காரும் இப்படித்தான்: உண்மையில் எழுதிய கார்ல் ஃபோர்மனும் மைக்கேல் வில்சனும் ஹாலிவுட்டின் கம்யூனிஸ்ட் விரோதக் கறுப்புப் பட்டியலில் இருந்தமையால், விருது பூலின் பெயருக்குப் போயிற்று, எழுதியவர்கள் அதைப் பெற்றது மரணத்துக்குப் பிறகு.

இவ்வளவையும் நான் மன்னித்துவிடுவேன். டூசிக்காகப் பேச அவருடன் சிறையிருந்தவர்கள் இருந்தார்கள், பேசினார்கள், இன்று நிக்கல்சன் கற்பனை என்பது அக்கறையுள்ள எவருக்கும் தெரியும். என்னால் மன்னிக்க முடியாதது மாற்றிச் சொன்னதன்று, சொல்லாமலே விட்டதுதான். அந்தப் பாதையில் வேலை செய்த போர்க்கைதிகள் சுமார் 60,000 பேர், இறந்தவர்கள் சுமார் 12,000 பேர். அவர்களைவிடப் பன்மடங்காக, ஏறத்தாழ இரண்டு லட்சம் ஆசியக் கூலியாட்கள், பர்மியரும் ஜாவானியரும் மலேயாத் தமிழருமாக, அங்கே கொண்டு செல்லப்பட்டார்கள். மலேயாவிலிருந்து போனவர்களில் பெரும்பாலோர் தோட்டத்துத் தமிழர். ரப்பர் ஏற்றுமதி நின்று, அரிசிக்குத் திண்டாட்டம் வந்து, தோட்டமே முடங்கிக் கிடந்த வேளையில், நல்ல சம்பளம், சில மாத வேலை என்று ஆசை காட்டினார்கள். அது பலிக்காதபோது வலுவில் பிடித்துக்கொண்டு போனார்கள். இலவசமாகப் படம் காட்டுவதாக அழைத்து, கொட்டகைக் கதவை அடைத்து, உள்ளே இருந்த ஆண்களை அப்படியே ரயிலேற்றியதாகவும் அந்நாளைய நினைவுகள் கூறுகின்றன. கைதிகளுக்கேனும் பட்டாள ஒழுங்கும், மருந்தில்லாவிட்டாலும் மருத்துவரும், இறந்தவன் பெயரைக் குறித்து வைக்க ஓர் அதிகாரியும் இருந்தார்கள். அத்தாப்பு ஓலைக் கொட்டகைகளில் கிடந்த கூலிகளுக்கு இவற்றுள் ஒன்றும் இல்லை. 1943-இன் மழைக்காலத்தில் வாந்திபேதி பரவியபோது முகாம் முகாமாக மாண்டார்கள். அவர்களில் 80,000 பேருக்கும் குறையாமல் இறந்திருக்கலாம் என்கிறார்கள். பதிவேடு இல்லாத மரணத்துக்குச் சரியான கணக்கு ஏது? காஞ்சனபுரியில் சிப்பாய்களுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசை வரிசையாக உள்ளன. கூலிகளுக்கு அப்படி எதுவும் இல்லை.

தாமர்கான் பாலங்களைக் கட்டியவர்களில் பெரும்பாலோர் போர்க்கைதிகளே என்று லீனின் சார்பில் ஒருவர் வாதிக்கலாம், வாதம் நியாயமானதே. ஆயினும் உலகத்து ஜனங்கள் அந்த ரயில் பாதையைப் பற்றி அறிந்திருப்பதெல்லாம் இந்த ஒரு படத்தினால்தான் என்னும்போது, அதன் எல்லைக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள் சரித்திரத்துக்கே வெளியே நிறுத்தப்பட்டவர்களாகிவிடுகிறார்கள். ஜெர்மானிய நீர்மூழ்கியிலிருந்து எனிக்மா என்ற சங்கேத யந்திரத்தை ஆங்கிலேயக் கடற்படை 1941-இல் கைப்பற்றியிருக்க, அந்தப் பெருமையை அமெரிக்கருக்குச் சூட்டிய 'யு-571' என்ற படம் 2000-இல் வெளிவந்ததும் பிரிட்டிஷ் பார்லிமெண்டிலேயே கண்டனம் எழுந்தது. தோட்டக்கூலிக்காக எந்தப் பார்லிமெண்டில் எவர் எழுந்தார்?

எழுந்தவர்கள் மலேசியத் தமிழ் எழுத்தாளர்களே. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' ஆகிய நாவல்கள் இந்த விஷயத்தைப் பற்றியவை. லீனின் படம் அற்புதமான படம், பார்க்க வேண்டாம் என்று சொல்லமாட்டேன். பார்க்கிறவர்கள் இவ்விரண்டில் ஒன்றையேனும் தேடிப் படித்துவிட்டுப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.