சூடா, வெதுவெதுப்பா?

குழந்தைப் புத்தகம் போடுகிற இடங்களில் பதிப்பாசிரியர் என்று ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். அவர் யாருக்கு வேலை செய்கிறார்? குழந்தைக்கா, அதன் கையிலிருப்பதைப் பிடுங்கிச் சோதிக்கும் பெரியவருக்கா?

1963-ல் நியூயார்க்கில் மாரிஸ் சென்டாக்கின் 'வேர் த வைல்ட் திங்ஸ் ஆர்' வெளியாயிற்று. குறும்பு செய்து, சாப்பாடின்றிப் படுக்க அனுப்பப்பட்ட பையன், விசித்திரப் பிராணிகளுக்கு ராஜாவாகித் திரும்புகிறான். சாப்பாடு காத்திருக்கிறது, இன்னும் சூடாக. 'சூடு' என்றால் குழந்தைக்குச் சுட்டுவிடும், 'வெதுவெதுப்பு' என்று போடலாமே என்று பதிப்பகத்தில் சொன்னார்களாம். பின்னாளில் சென்டாக்கே சொன்ன விஷயம் இது. அவர் மசியவில்லை. எந்தக் குழந்தைக்கும் வாய் வெந்ததாகத் தகவல் இல்லை!

சண்டை போட அவர் உயிரோடிருந்தார், சொல் பிழைத்தது. ரோல்ட் டால் 1990-ல் காலமாகிவிட்டார். அவருடைய சாக்லேட் தொழிற்சாலைக் கதையில் ஒரு பையனைக் 'குண்டு' என்றிருந்த சொல்லை எடுத்துவிட்டுப் 'பிரம்மாண்டம்' என்று போட்ட சேதி 2023-ல் அம்பலமாயிற்று. அதனால் பையன் இளைத்துவிட்டானா? கண்டனம் எழுந்ததும், பழைய பாடமும் வெளிவரும் என்று பதிப்பகம் அறிவித்தது.

காலத்துக்கேற்ப மாற்றக் கூடாதா என்பார்கள். மாற்றலாம். ஆப்பிரிக்கப் பிக்மிகளாக எழுதியிருந்த அதே கதையின் தொழிலாளிகளை, கண்டனத்துக்குப் பிறகு 1973-ல் டாலே மாற்றினார். எழுதியவனோடு வாதாடித் திருத்துவது பதிப்புத் தொழில். செத்தவன் கையைப் பிடித்துக் கையெழுத்துப் போடுவதற்கு வேறு பெயர் உண்டு.

பதிப்பாசிரியர்களே, சோற்றைச் சூடாகவே போடுங்கள். ஊதித் தின்னக் குழந்தைக்குத் தெரியும்.