மல்லனும் மச்சானும்

மாமல்லபுரம் என்று நாள்தோறும் சொல்கிறோம். அது ஒரு பட்டப்பெயரிலிருந்து பிறந்தது என்பதை நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருப்போம்? 7-ஆம் நூற்றாண்டில் ஆண்ட பல்லவ மன்னன் முதலாம் நரசிம்மவர்மனுக்கு ‘மாமல்லன்’ என்பது விருதுப்பெயர். மற்போரில் பெரியவன் என்று பொருள். மன்னன் மறைந்தான், மற்போர்க் களமும் மறைந்தது. பட்டப்பெயர் மட்டும் ஊர்ப்பெயராகி நிலைத்துவிட்டது. எனவே, கால்பந்துக் கழகங்களின் பெயர்களைப் பற்றி எழுதுவது வீண்வேலை என்று நண்பர்கள் நகைக்க வேண்டாம்.

2014-இல் இந்தியன் சூப்பர் லீக் தொடங்கியபோது நம் தலைநகரின் கழகம் ‘சென்னையின் எஃப்.சி.’ என்று பெயர் பெற்றது. ‘சென்னையின்’ என்பது தமிழில் முடிவு பெறாத சொல். பின்னால் ஒரு பெயர் வந்தாக வேண்டும். சென்னையின் எது? பெருமையா? பிள்ளைகளா? 2015-லும் 2018-லும் அக்கழகம் கோப்பையை வென்றபோது ரசிகர்கள் தத்தம் மனத்தில் அந்த இடத்தை நிரப்பிக்கொண்டார்கள். பெயர் முற்றுப்பெறாததும் ஒரு விதத்தில் நன்மையே.

அக்கழகத்தின் செல்லப்பெயர் ‘மெரினா மச்சான்ஸ்’. மெரினா என்பது 1880-களில் ஆளுநர் கிராண்ட் டஃப் நம் கடற்கரைக்குச் சூட்டிய அயல்மொழிப் பெயர். மச்சானோ நம் வீட்டுச் சொல். பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் உறவுக்கு உரியது. நம் கிராமங்களில் யார் யாரை மச்சான் என்று அழைக்கலாம் என்பதற்கு எழுதப்படாத சட்டம் உண்டு. ஒரு தெருவுப் பையன் இன்னொரு தெருவுப் பையனை அப்படி அழைத்தால் முகம் சுளிக்கும் பெரியவர்கள் இன்றும் இருக்கிறார்கள். விளையாட்டரங்கிலோ பக்கத்து இருக்கைக்காரரின் ஊரும் தெரியாது, தெருவும் தெரியாது. பந்து வலைக்குள் புகுந்ததும், “மச்சான்!” என்று கட்டித் தழுவுகிறோம். ஊர் தர மறுத்த உறவை ஒரு விளையாட்டு தொண்ணூறு நிமிடங்களுக்குத் தருகிறது. தொண்ணூற்றோராம் நிமிடத்திலும் அது நிலைக்குமா என்பதே என் கேள்வி.

இன்னொரு குறையும் உண்டு. மச்சான் ஆண்களை அழைக்கும் சொல். நம் சகோதரிகள் அரங்கில் எந்தப் பெயரால் அமர்வார்கள்? 2019-இல் இந்திய மகளிர் லீக்கை வென்றது மதுரையின் சேது எஃப்.சி. கரையையும் கரையையும் இணைப்பது சேது. அப்பெயருக்குள் ஆணும் அடங்குவர், பெண்ணும் அடங்குவர்.

பெயர் வெறும் ஒலி என்போர் கல்கத்தாவைப் பார்க்கட்டும். 1889-இல் தோன்றிய மோகன் பகான், 1911-இல் ஈஸ்ட் யார்க்‌ஷயர் படைப்பிரிவை 2-1 என்று வென்று ஐ.எஃப்.ஏ. கேடயத்தைக் கைப்பற்றியது. நம்மவரில் பெரும்பாலோர் வெறுங்காலுடன் ஆடிய ஆட்டம் அது! 2020-இல் அப்பெயருக்கு முன்னால் ‘ஏ.டி.கே.’ என்ற எழுத்துகள் ஒட்டப்பட்டன. ரசிகர்கள் பொறுக்கவில்லை, கிளர்ந்தெழுந்தார்கள். 2023-இல் அவ்வெழுத்துகள் நீங்கின. பணம் போட்டவருக்குக் கழகம் சொந்தமாகலாம். பெயர் பாடுபட்டவருக்கும் பார்த்து மகிழ்ந்தவருக்குமே சொந்தம்.

நம் பக்கத்துக்கு வருவோம். ‘எஃப்.சி. மெட்ராஸ்’ தன் பயிற்சிக்கூடத்தை அமைத்தது மாமல்லபுரத்தில். நகரமே 1996-இல் உதறிய பெயர் நம் கடற்கரையில் பந்தாடுகிறது! இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. மண் நம்முடையதாயிருக்க, பெயர் நகரத்தினுடையதாய் இருப்பது நமக்குப் பழகிப்போன ஒன்று என்றே சொல்கிறேன்.

என் பாட்டன் பெயரை ஊரார் முழுதாகச் சொல்லிக் கேட்டதில்லை என்பார் என் தந்தை. பிறர் இட்ட பட்டப்பெயரே அவருக்கு ஆயுள் முழுவதும் நின்றது. ஆகவேதான், தனக்குத் தானே பெயர் சூட்டிக்கொள்ளும் உரிமையை நான் சிறிதாக எண்ணுவதில்லை.

நம் கல்லூரிக் கால்பந்து அணி இன்றும் வெறும் ‘கல்லூரி அணி’தான். அதற்கு ஒரு பெயர் வேண்டும். அதை முதல்வரோ, பேராசிரியர்களோ, நன்கொடையாளரோ சூட்ட வேண்டாம். கடற்கரைக் குப்பத்து மாணவனும், ஏரிக்கரைக் கிராமத்து மாணவியும், எல்லாத் தெருவினரும் ஒன்றாய் உட்கார்ந்து முடிவு செய்யட்டும். எந்தப் பெயரானாலும் சரி, மைதானத்துக்கு வெளியேயும் நாம் ஒருவரையொருவர் அழைக்கக் கூசாத பெயராக அது இருக்கட்டும்!