வரிச் சலுகை மட்டும் போதாது. பிள்ளைக் காப்பகம் வேண்டும்!

தாயும் தகப்பனும் வேலைக்குப் போகும் குடும்பங்களில், பிள்ளைகளைப் பராமரிக்க ஆகும் செலவை வருமான வரியில் கழித்துத் தரவேண்டும் என்று ஒரு கோரிக்கை பேசப்படுகிறது. சம்பளத்தில் பெரும் பங்கைக் காப்பகத்துக்குக் கட்டும் குமாஸ்தாவின் கஷ்டம் உண்மையானது. அதை நாம் மறுக்கவில்லை.

ஆனால், இந்தச் சலுகை யாரை எட்டும்? 2025 பட்ஜெட்டுக்குப் பின், புதிய வரி முறையில் வருஷத்துக்கு 12 லட்சம் ரூபாய் வரை சம்பாதிப்பவர் வருமான வரி கட்ட வேண்டியதில்லை. மாதம் 15,000 ரூபாய் வாங்கும் பஞ்சாலைத் தொழிலாளிக்கு வருஷ வருமானம் 1,80,000 ரூபாய். கட்டாத வரியில் எதைக் கழிப்பது? நாற்று நடும் பெண்ணின் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டுப் பாட்டி ரசீதா எழுதித் தரப்போகிறார்?

உழைப்பவன் வரியே கட்டாதவன் என்று யாரும் சொல்லிவிட முடியாது. சோப்பு வாங்கினாலும் செருப்பு வாங்கினாலும் விலையோடு வரியும் கொடுக்கிறான். சலுகை என்று வரும்போது மட்டும் அவன் பெயர் கணக்கில் இல்லை!

அவனுக்கு வேண்டியது தொட்டிலும் பாலும், பார்த்துக்கொள்ள ஆளும் உள்ள ஓர் இடம். இது புதுக் கோரிக்கையல்ல. 50 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் ஆலையில், 6 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் காப்பகம் வேண்டும் என்று 1948ம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டமே சொன்னது. 1976ல் அந்த எண்ணிக்கை 30 ஆகக் குறைக்கப்பட்டது.

2025 நவம்பர் 21ல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்தன. இப்போது ஆணும் பெண்ணும் சேர்ந்து 50 பேர் என்பது கணக்கு. ஆண்களையும் சேர்த்து எண்ணுவது சரியே. பிள்ளை தகப்பனுக்கும் பிள்ளைதான். ஆனால் 40 பெண்கள் மட்டும் வேலை செய்யும் தையல் கம்பெனி, பழைய சட்டத்துக்குக் கட்டுப்பட்டிருந்தது; புதிய கணக்கில் தப்பிவிடுகிறது. இந்த ஓட்டையை அடைக்கவேண்டும்.

விவசாயக் கூலிகளின் நிலை இன்னும் மோசம். 2005ம் வருஷத்து ஊரக வேலை உறுதிச் சட்டம், வேலைத்தலத்துக்கு 5 சிறு பிள்ளைகள் வந்தால் அவர்களைப் பார்க்க ஒரு பெண்ணை நியமித்து, அவளுக்கும் கூலி கொடுக்கச் சொன்னது. மிராசுதார் வயலில் அந்த ஏற்பாடும் கிடையாது. விடியுமுன் நடவுக்குப் போகிறவளுக்காக அங்கன்வாடி திறந்திருப்பதில்லை. ஆகவே மூத்த பெண் பள்ளிக்கூடம் போகாமல் தம்பியை இடுப்பில் சுமக்கிறாள். இல்லாவிட்டால் தாய் அன்றைய கூலியை இழக்கிறாள்.

ஆலைச் சங்கங்கள் தாய்மார்கள் எத்தனை, பிள்ளைகள் எத்தனை என்று கணக்கெடுக்கட்டும். காப்பகம் இருக்கிறதா, இருந்தும் பூட்டிக் கிடக்கிறதா என்று பார்த்து, ஆய்வு அதிகாரிக்கு எழுத்து மூலம் மனுக் கொடுக்கட்டும். கிராமங்களில், நடவு, அறுவடைக் காலத்தில் அங்கன்வாடி நேரத்தை நீட்டும்படி கிராம சபையில் தீர்மானம் கொண்டுவாருங்கள். அங்கன்வாடி ஊழியருக்கு அந்த நேரத்துக்குத் தனிச் சம்பளமும் சேர்த்தே கேளுங்கள். அவரும் உழைக்கும் தாய்தான்.

வரிச் சலுகை வருகிறவர்களுக்கு வரட்டும். சர்க்கார் பணத்தில் முதல் செலவு, ஆலைதோறும் ஊர்தோறும் பிள்ளைக் காப்பகத்துக்கே ஆகவேண்டும்!