கோபம் வரட்டும்... போகட்டும்!

சேலையூரிலிருந்து ஒரு பெண் தலைவலிக்காக என்னிடம் வந்தாள். சோழிங்கநல்லூரில் கம்ப்யூட்டர் கம்பெனி உத்தியோகம். வேலைக்காக ஸ்பானிஷ் படிக்கிறாளாம்.

"மனநிலையைச் சொல்ற வார்த்தைங்கதான் டாக்டர் குழப்புது!" என்றாள்.

அந்த மொழியில் 'இருக்கிறேன்' என்பதற்கு இரண்டு சொற்கள். 'எஸ்தோய் நெர்வியோசா' என்றால், இப்போது பதற்றமாக இருக்கிறேன். 'சோய் நெர்வியோசா' என்றால், பதற்றமே என் சுபாவம். 'எஸ்தா அபுரிதோ' என்றால் அவருக்கு போரடிக்கிறது. 'எஸ் அபுரிதோ' என்றால் அந்த ஆசாமியே ஒரு போர்!

சிரித்துவிட்டு யோசித்தேன். நம் தமிழிலும் இது இருக்கிறதே! "எனக்குக் கோபம் வருது" என்கிறோம். வந்தது போய்விடும். "நான் கோபக்காரன்" என்றால்? முத்திரை குத்தியாயிற்று!

சித்த மருத்துவத்தின் எண்வகைத் தேர்வில் நாடியோடு 'மொழி'யும் ஒன்று. குரலைக் கவனிப்பதற்காக ஏற்பட்டது அது. நான் வார்த்தையையும் சேர்த்தே கவனிப்பேன்.

போன மாதம் ஒரு தாய், பத்து வயதுப் பையனை அழைத்து வந்தார். "இவன் சரியான பயந்தாங்கொள்ளி டாக்டர்!" என்றார். பையன் தலை குனிந்துகொண்டான். தனியாகக் கேட்டேன். "கணக்குப் பரீட்சைன்னா மட்டும் வயித்தைக் கலக்குது" என்றான். அவ்வளவுதான்! வயிற்றுக்கு மருந்து கொடுத்துவிடலாம். 'பயந்தாங்கொள்ளி'க்கு என்ன மருந்து கொடுப்பது? பத்து முறை கேட்டால் பிள்ளை அதை நம்பிவிடுமே!

ஆகவே வாசகர்களே, இன்றிலிருந்து "நீ அழுமூஞ்சி" வேண்டாம். "உனக்கு அழுகையா வருதா? எதனால?" என்று கேளுங்கள். உங்களைப் பற்றியும் அப்படியே பேசுங்கள். எல்லாவற்றுக்கும் 'டென்ஷன்' என்ற ஒரே சொல் போதாது. பயமா, சலிப்பா, ஏக்கமா, ஆற்றாமையா... பெயர் தெரிந்தால் பாதி வழி தெரிந்த மாதிரி.

அதற்காக, வந்தது தானே போய்விடும் என்று சும்மாவும் இருந்துவிடாதீர்கள். இரண்டு வாரத்துக்கு மேல் மனச்சோர்வு விடாமல், தூக்கமும் பசியும் கெட்டால் மனநல மருத்துவரைப் பாருங்கள். அதில் வெட்கம் எதற்கு? அரசின் இலவச மனநல உதவி எண் 14416 இருக்கிறது.

அந்தப் பெண் கிளம்பும்போது, "நான் எப்பவுமே டென்ஷன் பார்ட்டி டாக்டர்" என்றாள்.

"'சோய்' வேண்டாம்மா... 'எஸ்தோய்' சொல்லு!" என்றேன்.

சிரித்தாள். தலைவலிக்கான மருந்தை அதற்குப் பிறகுதான் எழுதினேன்.