ஆசிரியர் தரம்: அளவுகோலும் அரசின் பொறுப்பும்

2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, நாடு முழுவதும் பல லட்சம் ஆசிரியர்களின் வாழ்க்கையைக் கேள்விக்குள்ளாக்கியிருக்கிறது. முதல் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை கற்பிக்கும் ஆசிரியர்களில், ஓய்வு பெற ஐந்து ஆண்டுகளுக்கு மேல் உள்ளவர்கள் அனைவரும் இரண்டு ஆண்டுகளுக்குள் தகுதித் தேர்வில் வெற்றி பெற வேண்டும். இல்லையேல் பணியிலிருந்து வெளியேற வேண்டும் என்கிறது அத்தீர்ப்பு. கல்வி உரிமைச் சட்டம் வருவதற்கு முன்பே, அன்றைய விதிகளின்படி முறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டு, இருபது ஆண்டுகளுக்கும் மேலாக வகுப்பறையில் நின்றவர்களும் இதற்கு விலக்கல்ல. பணியில் சேர்ந்தபோது இல்லாத ஒரு நிபந்தனையைப் பின்னால் வந்து சுமத்துவதை எதிர்த்து ஆசிரியர் சங்கங்கள் குரல் கொடுப்பது முற்றிலும் நியாயமானது.

ஆனால் பிரச்சனை ஒரு தீர்ப்போடு முடிந்துவிடவில்லை. நல்ல ஆசிரியர் யார் என்பதை எப்படி அறிவது? அவர் கற்பிப்பதால் குழந்தையின் கற்றலில் ஏற்படும் விளைவை எதைக் கொண்டு அளப்பது? இந்தக் கேள்விகளை ஆசிரியர் விரோதிகள் எழுப்பும் கேள்விகள் என்று நாம் ஒதுக்கிவிட முடியாது. அரசுப் பள்ளிகளில் அமர்ந்திருப்பவர்கள் விவசாயத் தொழிலாளர்களின், கட்டுமானத் தொழிலாளர்களின், தலித், பழங்குடி, சிறுபான்மைக் குடும்பங்களின் குழந்தைகள். அவர்கள் எழுத்தறியாமல் பள்ளியை விட்டு வெளியேறினால், அந்த இழப்பை ஈடுகட்டத் தனிப்பயிற்சிக்குப் பணம் கட்டும் வசதி அவர்களின் பெற்றோருக்கு இல்லை.

நிலைமை கவலைக்குரியது என்பதை மறைக்க வேண்டியதில்லை. 2024ஆம் ஆண்டின் ஆசர் ஆய்வின்படி, கிராமப்புற அரசுப் பள்ளிகளில் மூன்றாம் வகுப்புக் குழந்தைகளில் 23.4 சதவீதத்தினர் மட்டுமே இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்கும் திறன் பெற்றிருந்தனர். அதே ஆண்டு டிசம்பரில் ஒன்றிய அரசின் பரக் அமைப்பு நடத்திய தேசிய ஆய்வில், ஆறாம் வகுப்பு மாணவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்குப் பத்து வரையிலான வாய்ப்பாடு தெரியவில்லை எனக் கண்டறியப்பட்டது. இந்த எண்கள் வெளிவரும் ஒவ்வொரு முறையும் ஆட்சியாளர்களின் விரல் ஒரே திசையில் நீள்கிறது: ஆசிரியரின் திசையில்.

தகுதித் தேர்வையே எடுத்துக்கொள்வோம். 150 கொள்குறி வினாக்கள். 60 சதவீதம் பெற்றால் வெற்றி. பாட அறிவு ஆசிரியருக்கு இன்றியமையாதது என்பதில் ஐயமில்லை. பணியில் சேருவோருக்கு இத்தகைய நுழைவுத் தகுதி இருப்பதில் தவறுமில்லை. ஆனால் கடைசி வரிசையில் வாய் திறக்காமல் அமர்ந்திருக்கும் குழந்தைக்கு எங்கே தடுக்கிறது என்பதைக் கண்டறியும் திறனை எந்தக் கொள்குறி வினாவும் அளக்காது. வீட்டில் கோண்டி மொழியோ சந்தாலி மொழியோ பேசிவிட்டு, இந்தி வழி வகுப்பறைக்குள் நுழையும் குழந்தையைப் பேச வைக்கும் கலையையும் அது அளக்காது.

அப்படியானால் மாணவர்களின் மதிப்பெண்ணைக் கொண்டே ஆசிரியரை அளந்துவிடலாமே என்கிறார்கள் சந்தைச் சீர்திருத்தவாதிகள். இதுவும் புதிய சரக்கல்ல. மாணவன் ஆய்வாளர் முன் தேறினால்தான் பள்ளிக்கு மானியம் என்ற ஏற்பாட்டை 1862இல் இங்கிலாந்து கொண்டு வந்தது. காலனிய ஆட்சி அதைச் சென்னை மாகாணம் உட்பட இங்கும் இறக்குமதி செய்தது. ஆய்வாளர் கேட்கப்போகும் பகுதிகளை மட்டும் மனப்பாடம் செய்ய வைப்பதே கல்வி என்றானது. இங்கிலாந்தே அதைக் கைவிட்ட பிறகு, கர்சன் ஆட்சியின் 1904ஆம் ஆண்டுக் கல்வித் தீர்மானம் இந்தியாவிலும் அதற்கு முடிவு கட்டியது. காலனிய அரசே வேண்டாமென்று விட்ட ஒன்றை விடுதலை பெற்ற நாட்டில் மீண்டும் தூசி தட்டி எடுக்க வேண்டுமா?

அமெரிக்காவின் அனுபவம் இன்னும் அண்மையது. மாணவர்களின் தேர்வு மதிப்பெண் ஏற்றத்தைக் கொண்டு ஒவ்வொரு ஆசிரியரின் பங்களிப்பையும் தனியே பிரித்தெடுக்கும் கணக்குமுறை அங்கே பல மாநிலங்களில் நடைமுறைக்கு வந்தது. 2014இல் அமெரிக்கப் புள்ளியியல் சங்கம் இது குறித்து எச்சரித்தது. மாணவர் மதிப்பெண்களுக்கு இடையிலான வேறுபாட்டில் ஆசிரியரால் விளைவது 1 முதல் 14 சதவீதம் வரைதான் எனப் பெரும்பாலான ஆய்வுகள் காட்டுகின்றன என்றும், தரத்தை உயர்த்துவதற்கான வாய்ப்பு பெருமளவில் கல்வி அமைப்பின் நிலைமைகளில்தான் உள்ளது என்றும் அது சுட்டிக்காட்டியது. கேட்ஸ் அறக்கட்டளையின் நிதியோடும் அரசு நிதியோடும் சுமார் 57.5 கோடி டாலர் செலவில் நடத்தப்பட்ட ஆசிரியர் மதிப்பீட்டுத் திட்டம், மாணவர் கற்றலில் எதிர்பார்த்த முன்னேற்றத்தைத் தரவில்லை என 2018இல் ராண்ட் நிறுவனத்தின் மதிப்பாய்வு கூறியது. அட்லாண்டா நகரிலோ, மதிப்பெண் இலக்கின் அழுத்தத்தில் விடைத்தாள்கள் திருத்தப்பட்ட முறைகேடு 44 பள்ளிகளில் நடந்திருந்ததை மாநில அரசின் விசாரணை 2011இல் வெளிக்கொணர்ந்தது. அளவுகோலையே தண்டனைக் கோலாக மாற்றினால், முதலில் வளைவது அளவுகோல்தான்.

எதிர்த்தரப்பின் வலுவான சான்றையும் நேர்மையோடு பார்க்க வேண்டும். 2005இல் தொடங்கி ஆந்திரப் பிரதேசத்தின் கிராமப்புற அரசுப் பள்ளிகளில் நடந்த ஓர் ஆய்வில், மாணவர் முன்னேற்றத்துக்கேற்ப ஆசிரியர்களுக்கு ஊக்கத்தொகை வழங்கப்பட்டபோது கணக்கிலும் மொழியிலும் குழந்தைகள் மற்ற பள்ளிகளைவிடக் கூடுதலாக முன்னேறினர். இதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அங்கே தரப்பட்ட தொகை ஆண்டு ஊதியத்தில் சராசரியாக 3 சதவீதம். அதுவும் பாதுகாப்பான, நிரந்தரமான ஊதியத்துக்கு மேலாக. எவருடைய வேலைக்கும் ஊதிய உயர்வுக்கும் ஆபத்தில்லை. தேசியக் கல்விக் கொள்கை 2020 சொல்வது வேறு. பணிமூப்பு கணக்கில் கொள்ளப்படாது, மதிப்பீட்டின் அடிப்படையில் மட்டுமே பதவி உயர்வும் ஊதிய உயர்வும் என்கிறது அது. அந்த மதிப்பீட்டின் கூறுகளில் ஒன்று ‘அர்ப்பணிப்பு’. ஆசிரியரின் அர்ப்பணிப்பை யார், எதைக் கொண்டு அளப்பார்? அரசின் நிகழ்ச்சிகளுக்குக் குழந்தைகளைத் திரட்டுவதா அர்ப்பணிப்பு? வரலாற்றுப் பாடத்தில் நீக்கப்பட்ட பக்கங்களைப் பற்றி வாய் திறக்காமல் இருப்பதா? ஊதியத்தோடு முடிச்சுப் போடப்பட்ட இத்தகைய அளவுகோல், தரத்தை அளப்பதைவிடப் பணிவை அளக்கவே பயன்படும்.

அதே ஆந்திரத்தில் நடந்த மற்றோர் ஆய்வும் கவனத்துக்குரியது. மாணவர்கள் எங்கே பின்தங்கியுள்ளனர் என்ற விரிவான அறிக்கை ஆசிரியர்களுக்குத் தரப்பட்டது. கற்றலில் மாற்றம் எதுவும் ஏற்படவில்லை. மத்தியப் பிரதேசத்தில் பள்ளிகளைத் தரவரிசைப்படுத்தி, மேம்பாட்டுத் திட்டங்களை எழுதி வாங்கிய ஷாலா சித்தி திட்டத்திலும் கதை இதுவே. மதிப்பீடுகள் முடிந்தன, திட்டங்கள் எழுதப்பட்டன. வகுப்பறையில் எதுவும் மாறவில்லை. அப்படியிருந்தும் அந்த ஏற்பாடு நாட்டின் லட்சக்கணக்கான பள்ளிகளுக்கு விரிவுபடுத்தப்பட்டது. காய்ச்சலை அளந்துவிட்டு மருந்து தராமல் போவதற்குப் பெயர் வைத்தியமல்ல.

அளக்க வேண்டியவற்றை அரசு அளக்க மறுக்கிறது என்பதே உண்மை. ஒன்றியக் கல்வி அமைச்சகத்தின் 2024-25ஆம் ஆண்டுத் தரவுகளின்படியே, நாட்டில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிகள் ஓராசிரியர் பள்ளிகளாக இயங்குகின்றன. அவற்றில் 33 லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் படிக்கிறார்கள். ஐந்து வகுப்புகளை ஒருவரே ஏக காலத்தில் நடத்தும் இடத்தில் எந்தத் ‘தரத்தை’ அளப்பது? 2025 நவம்பரில் 12 மாநிலங்களிலும் யூனியன் பிரதேசங்களிலும் தொடங்கிய வாக்காளர் பட்டியல் சிறப்பு தீவிரத் திருத்தத்துக்காகப் பெருமளவில் ஆசிரியர்கள் வாக்குச்சாவடி நிலை அலுவலர்களாக வீடு வீடாக அனுப்பப்பட்டனர். அந்த நாட்களில் பூட்டிக் கிடந்த வகுப்பறைகளின் கணக்கு எந்த மதிப்பெண் பட்டியலில் ஏறும்? கல்விக்கு நாட்டின் வருமானத்தில் 6 சதவீதம் ஒதுக்க வேண்டுமென 1966இல் கோத்தாரி ஆணையம் பரிந்துரைத்தது. இன்றுவரை எந்த அரசும் அதை எட்டவில்லை.

கை கூடினால் கற்றல் கூடும் என்பதற்குச் சான்று தேடி வெளிநாடு போக வேண்டியதில்லை. தமிழ்நாட்டு அங்கன்வாடிகளில் கூடுதலாக ஒரு பகுதிநேரப் பணியாளரை அமர்த்திப் பார்த்த ஆய்வில், முன்பருவக் கல்வி நேரம் இரட்டிப்பானது. குழந்தைகளின் மொழித் திறனும் எண் திறனும் உயர்ந்தன. வளர்ச்சிக் குறைபாடும் குறைந்தது. எந்தத் தண்டனையும் தரவரிசையும் அங்கே தேவைப்படவில்லை. அந்தக் கூடுதல் கையைக் குறைகூலிக்கு அமர்த்தாமல் முறையான ஊழியராக அமர்த்துவதே அடுத்த படியாக இருக்க முடியும்.

இங்கே ஆசிரியர் இயக்கத்துக்கும் ஒரு கடமை உண்டு. பணிப் பாதுகாப்புக்கான போராட்டமும் குழந்தையின் கற்றலுக்கான போராட்டமும் வெவ்வேறு அல்ல. பாடம் நடத்தாதவரைச் சங்கத்தின் பெயரால் காப்பது சங்கத்தைத்தான் பலவீனப்படுத்தும். பெற்றோரைத் தனியார் பள்ளிகளின் வாசலுக்கே அனுப்பும். சக ஆசிரியர்கள் ஒருவர் வகுப்பை மற்றவர் கவனித்து விவாதிப்பது, குழந்தை வாசிக்கிறதா என்பதைப் பெற்றோர் முன் வெளிப்படையாக வைப்பது போன்ற முயற்சிகளைச் சங்கங்களே முன்கையெடுத்துச் செய்ய வேண்டும். அப்போதுதான் அளவுகோல் அதிகாரிகளின் கையிலிருந்து மக்களின் கைக்கு வரும்.

எனவே, பணியில் உள்ள ஆசிரியர்களின் வேலையைப் பாதுகாக்கும் வகையில் கல்வி உரிமைச் சட்டத்தில் ஒன்றிய அரசு உரிய திருத்தம் கொண்டுவர வேண்டும். ஊதியத்தையும் பதவி உயர்வையும் மதிப்பீட்டோடு பிணைக்கும் கல்விக் கொள்கைப் பிரிவைக் கைவிட வேண்டும். காலிப் பணியிடங்களை நிரந்தர நியமனங்களால் நிரப்பி, ஓராசிரியர் பள்ளி என்ற அவலத்துக்கு முடிவு கட்ட வேண்டும். கற்பித்தல் அல்லாத பணிகளிலிருந்து ஆசிரியர்களை விடுவிக்க வேண்டும். கற்றல் ஆய்வுகளின் முடிவுகளைக் கூடுதல் ஆசிரியர், பயிற்சி, வழிகாட்டல் எங்கே தேவை என்று தீர்மானிக்கவே பயன்படுத்த வேண்டும்.

இந்தக் கோரிக்கைகளை ஆசிரியர்கள் மட்டும் தனித்து நின்று வென்றெடுக்க முடியாது. தொழிற்சங்கங்களும் விவசாயிகள், மாணவர், மாதர் அமைப்புகளும் பெற்றோரும் அவர்களோடு கைகோக்க வேண்டும். மூன்றாம் வகுப்புக் குழந்தை ஒரு பத்தியைத் தடையின்றிப் படிக்கிறதா என்பது ஆசிரியருக்கு மட்டும் வைக்கப்படும் தேர்வல்ல. அரசுக்கு வைக்கப்படும் தேர்வு. அதில் தொடர்ந்து தோற்றுவரும் ஆட்சியாளர்கள், தங்கள் தோல்வியை ஆசிரியரின் கணக்கில் எழுத அனுமதிக்கக் கூடாது.